எங்கள் கையிலும் ஒரு முறை பி.பி. பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும், ஊரக நலப் பணிகள் இயக்ககத்துக்கும், அரசு மருத்துவமனைகளில் டியூட்டி ரோஸ்டரில் கையெழுத்துப் போடும் அத்தனை பேருக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். 22 வருட சர்வீஸ், வயது 46. ஊர் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ எழுதவில்லை. நான் எழுதப்போவது ஒரு கட்டடத்தின் குறை இல்லை, எந்த மாவட்டத்து ஜி.எச்.சில் நுழைந்து கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

போன வருடம் எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு டிஜிட்டல் பி.பி. மெஷின் வந்தது. அன்றைக்கு எனக்கு நைட். மணி மூன்று இருக்கும். கடைசிக் கட்டில் தாத்தாவுக்கு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு வந்து, மெஷின் சரியாக வேலை செய்கிறதா பார்ப்போம் என்று என் கையிலேயே கஃப்பைச் சுற்றினேன். 168/104. மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தேன். என்னோடு டியூட்டியில் இருந்த சிஸ்டரைக் கூப்பிட்டு அவர் கையில் சுற்றினேன். 152/98. அவருக்கு 34 வயது. அப்போ சந்தேகமே இல்லை, மெஷின்தான் என்று இரண்டு பேரும் முடிவு செய்து, ‘அளவு கூடுதலாகக் காட்டுகிறது’ என்று பழுது நோட்டில் எழுதி வைத்தோம். காலையில் பயோமெடிக்கல் தம்பி வந்தார், பழைய மெர்க்குரி அப்பரட்டஸைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார், “மெஷின்ல ஒண்ணும் இல்ல சிஸ்டர், கரெக்டாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நோயாளிக்கு 168 வந்திருந்தால் நான் மெஷினைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி எடுத்திருப்பேன், கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பேன், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். உப்பைக் குறைங்கம்மா, மாத்திரையை விடாமல் போடுங்கம்மா என்று கால் மணி நேரம் பேசியிருப்பேன். எனக்கு வந்தபோது நோட்டில் பழுது என்று எழுதினேன். அந்த விடியற்காலையை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கினபோது எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு வர முடியாத பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி பி.பி. மாத்திரை வாங்குகிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. அதே வருடம் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்க ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. ரொம்ப நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியும் ஒரு வேலை செய்யும் இடம்தானே? அங்கேயும் ஷிஃப்ட் இருக்கிறது, ராத்திரி வேலை இருக்கிறது, எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை இருக்கிறது. தொழிற்சாலைக்குப் போய் வரிசையாகக் கை நீட்டச் சொல்லிப் பி.பி. பார்த்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. திரும்பி வந்த பிறகு அவர்கள் கையை யாரும் பார்க்கவில்லை.

நர்ஸ்தானே, உங்களுக்குத் தெரியாததா என்று கேட்பார்கள். வீட்டில் கேட்பார்கள், டாக்டர்கள் கேட்பார்கள், நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்வோம். தெரியும். எல்லாமே தெரியும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஆண்களுக்கு 90, பி.பி. 140/90ஐத் தொட்டால் விடக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தெரிந்து என்ன பயன்? ராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கிறது, கேன்டீன் பூட்டியிருக்கிறது, வாசலில் இருப்பது பரோட்டாக் கடையும் டீக்கடையும்தான். சாயங்காலம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோறு புளித்துப்போயிருக்கும், அதோடு தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருக்கும். சரி என்று பன்னையும் டீயையும் வைத்து ஒப்பேற்றுவோம். அந்த நேரத்தில் சாப்பிடுகிற சாப்பாட்டை உடம்பு பகலில் மாதிரிக் கையாளுவதில்லை. ராத்திரியில் இன்சுலின் சரியாக எடுபடாது, அதே பன் பகலில் ஏற்றுவதைவிடச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். மாதத்தில் ஒரு வாரம் என்றால் பரவாயில்லை. 22 வருடத்தில் எத்தனை ராத்திரி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இதை அலுப்பு, சோர்வு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சாதாரணமாக ஒரு மனிதர் ராத்திரி தூங்கும்போது பி.பி. பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் அதுதான் ஓய்வு. யாருக்கு அப்படி இறங்குவதில்லையோ அவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம். நாங்கள் அந்த நேரத்தில் லேபர் வார்டில் ஓடிக்கொண்டிருப்போம், இல்லை கேஷுவாலிட்டியில் ஆக்சிடென்ட் கேஸுக்கு லைன் போட்டுக்கொண்டிருப்போம். காலையில் அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைத்து ஓவர் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், துணி துவைத்து, மத்தியானச் சமையலை முடித்துப் படுத்தால் நாலு மணி நேரம் தூங்கலாம். அதிலும் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும், பால்காரர் கூப்பிடுவார், பிள்ளை ஸ்கூலிலிருந்து வந்துவிடும். பகலில் தூங்குகிற பெண்ணை இந்த ஊர் தூங்க விடாது.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கி நர்ஸ்களை வைத்தே நடத்திய பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக ஏறக்குறைய 1,89,000 நர்ஸ்களை 24 வருடம் பின்தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். மாறி மாறி நைட் ஷிஃப்ட் பார்த்து பத்து வருடம் தாண்டியவர்களுக்கு, நைட்டே பார்க்காதவர்களைவிட இதய நோய் வாய்ப்பு 15 முதல் 18 சதவீதம் வரை கூடுதல். எடை, புகை, சாப்பாடு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அதே ஆய்வில் இன்னொன்றும் சொன்னார்கள், நைட் பார்ப்பதை நிறுத்தி வருடங்கள் ஆக ஆக அந்த ஆபத்து குறைகிறதாம். அதைப் படித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, நம்பிக்கையும் வந்தது. 45 வயதுக்கு மேல் நைட்டைக் குறைத்தால் பலன் இருக்கும் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கிறது. எங்கள் ரோஸ்டரில் 55 வயது சிஸ்டருக்கும் 25 வயது சிஸ்டருக்கும் ஒரே நைட்தான்.

டாக்டர்களுக்கும் இதே கதிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்புப் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் பி.ஜி. டாக்டர் பிள்ளைகள் 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்ப்பதைத் தினமும் பார்க்கிறேன், காலையில் பார்த்த அதே சட்டையில் மறுநாள் சாயங்காலமும் நிற்பார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாளைக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு இவர்களுக்கான ரெசிடென்சி விதியில் 1992இலேயே எழுதி வைத்திருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்ன கணக்கு இது: வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். 55 மணி நேரமெல்லாம் எங்கள் பி.ஜி.களுக்கு வியாழக்கிழமையே முடிந்துவிடும். டாக்டர்கள், நர்ஸ்கள், ஆய்வக நுட்புநர்கள், 108 ஓட்டுநர்கள், காவலாளிகள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் ‘எங்கள்’ என்று எழுதுகிறேன். ஆண் ஊழியர்களுக்கு பீடி, சிகரெட், டியூட்டி முடிந்ததும் ஒரு குவார்ட்டர் என்று இன்னொரு பக்கமும் உண்டு. அதுவும் சேர்ந்துதான் உடம்பைக் கெடுக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டருக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு நாள் மார்னிங் டியூட்டியில் பத்து மணிக்கே அவருக்குத் தாடை வலித்திருக்கிறது, முதுகில் ஏதோ அழுத்துகிற மாதிரி, மூச்சு கொஞ்சம் வாங்கியிருக்கிறது. கேஸ் ட்ரபிள் என்று ஒரு பான்டாப் போட்டுக்கொண்டார். ஹெட் ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாள், ஸ்டாக் நோட்டை முடிக்க வேண்டும். இரண்டு டிஸ்சார்ஜ், மூன்று அட்மிஷன், நடுவில் நோயாளியோடு வந்த ஒரு அட்டெண்டரோடு வாக்குவாதம். ஒன்றரை மணிக்கு ஓவர் கொடுத்துவிட்டுத்தான், நிற்க முடியவில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். இ.சி.ஜி. மெஷின் அவர் மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது, காலையிலிருந்து அதே மெஷினில் ஆறேழு நோயாளிகளுக்கு அவரே எடுத்திருந்தார். அவருக்கு நாங்கள் எடுத்தபோது பேப்பரில் எஸ்.டி. தூக்கியிருந்தது, மாரடைப்பின் அடையாளம் அது. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் விதமாகவே வரும் என்று சொல்ல முடியாது, தாடை, முதுகு, மூச்சுத் திணறல், காரணம் தெரியாத அசதி என்றும் வரும் என்று நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பு எடுத்தவர் அவர்தான். மூன்றரை மணி நேரம் போய்விட்டது. பிழைத்தார். ஆனால் மாடிப்படி ஏறினால் இன்றைக்கும் பாதியில் நின்று நின்றுதான் ஏறுகிறார்.

‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட, மாரடைப்போடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று 2023இலிருந்து சுவரெல்லாம் எழுதிப்போட்டிருக்கிறோம். அந்தச் சுவருக்குக் கீழே நின்றுதான் அவர் மூன்றரை மணி நேரம் வேலை பார்த்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரிடம் சொல்ல, டியூட்டியை யார் பார்ப்பா என்றார். உண்மைதான். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர். எங்கள் வார்டில் நைட்டுக்கு இரண்டு பேர். கட்டில் நிறைந்து தரையிலும் படுத்திருப்பார்கள். ஒருவர் லீவு போட்டால் மற்றவர் தனியாள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் அந்தச் சுமை அப்படியே கூட வேலை பார்க்கிறவள் தலையில் விழும், அதைச் செய்ய யாருக்கும் மனசு வராது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பயம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி 2015இல் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை வருடம் நிரந்தரத்துக்குக் காத்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பி.பி. இருக்கிறது, சுகர் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் நிரந்தரப் பணிக்கான மருத்துவச் சான்றிதழில் ஏதாவது எழுதிவிடுவார்களோ என்று பயந்து, தனியார் மெடிக்கலில் காசு கொடுத்து அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையை வாங்கிப் போடும் பெண்ணை எனக்குத் தெரியும். அவள் வேலை பார்ப்பது தினமும் ஆயிரக்கணக்கான அம்லோடிபின் மாத்திரை இலவசமாகப் போகிற ஆஸ்பத்திரியில். தூய்மைப் பணியாளர் அம்மாக்கள் நிலைமை இன்னும் மோசம், ஒரு நாள் வரவில்லை என்றால் அந்த நாள் சம்பளம் போச்சு, அவர்கள் எங்கே ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது?

2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று வந்தது. அதைவிட முக்கியமான எண் இன்னொன்று: ரத்த அழுத்தம் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் ஏழு பேர். தெற்காசியர்களான நமக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முந்தியே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நாங்களும் இந்த மாநிலத்து மக்கள்தான், இதே உடம்புதான். அதற்கு மேல் ராத்திரி வேலை, நேரம் தப்பிய சாப்பாடு, சத்தம், சாவு, அட்டெண்டர்கள் கை ஓங்கும் பயம். எங்களில் எத்தனை பேருக்கு பி.பி. கட்டுக்குள் இருக்கிறது? எங்கள் ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அந்தப் பயோமெடிக்கல் தம்பி போன பிறகு நான் அன்று காலையில் வார்டில் இருந்த ஆறு பேருக்கு பி.பி. பார்த்தேன். மூன்று பேருக்கு 140க்கு மேல். ஆறு பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும், அதனால்தான் நீங்கள் எண்ணுங்கள் என்று கேட்கிறேன்.

எண்ணும்போது ஒரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள்: கர்ப்பக் காலத்தில் பி.பி. இருந்ததா என்று. பிரசவ நேரத்தில் பி.பி. ஏறி, கால் வீங்கி, பிரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழந்தை பிறந்ததோடு அது முடிந்துபோன கதை என்று நினைத்து மறந்துவிடுகிறோம். எனக்கு இரண்டாவது பிரசவத்தில் இருந்தது. 17 வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்புறம் என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். யோகா முகாம் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நைட் முடித்த காலையில் ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து மன அழுத்தம் குறைப்பது எப்படி என்று பேசினால், அந்த இரண்டு மணி நேரத் தூக்கமும் போகும், அவ்வளவுதான் நடக்கும். உலக இதய தினத்தன்று ரிப்பன் குத்திப் படம் எடுப்பதும் வேண்டாம்.

வார்டுக்கு வந்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, டியூட்டி நேரத்திலேயே, நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரிக்காமல், பி.பி., இடுப்புச் சுற்றளவு, சுகர், கொழுப்பு பாருங்கள். எடுத்த அளவு எங்களுக்கும் பார்க்கிற டாக்டருக்கும் மட்டும் தெரியட்டும், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேஜைக்கோ ஒப்பந்தக் கம்பெனி சூப்பர்வைசருக்கோ போகக் கூடாது, வேலையையோ நிரந்தரத்தையோ அது பாதிக்காது என்று ஒரு அரசாணை போட்டுவிடுங்கள். அது இல்லாமல் முகாம் போட்டால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். மாத்திரையை ஊழியர்களுக்கென்று ஒரு கவுன்டரில், ஓ.பி. சீட்டு இல்லாமல், ஒரே தடவையில் இரண்டு மாதத்துக்குக் கொடுங்கள். நைட் பார்க்கிறவர் காலை மாத்திரையை எப்போது போடுவது, சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினைத் தூங்கப் போகும் முன்னா, எழுந்த பிறகா என்று எங்களிலேயே நிறையப் பேருக்குக் குழப்பம். நைட் வாரம் வந்தால் மாத்திரையையே விட்டுவிடுகிறோம். அதை உட்கார்ந்து சொல்லித்தர ஒரு டாக்டர் போதும்.

ரோஸ்டர் செலவில்லாத காரியம். மார்னிங்கிலிருந்து ஈவினிங், ஈவினிங்கிலிருந்து நைட் என்று முன்பக்கமாக மாற்றினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும், நைட் முடித்தவளை மறுநாள் மார்னிங்குக்கு இழுத்தால் பழகாது. தொடர்ந்து ஏழு நைட் போடுவதற்குப் பதில் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடலாம். 45 தாண்டியவர்களுக்கும், பி.பி. கட்டுக்குள் வராதவர்களுக்கும், கர்ப்பக் காலத்தில் பி.பி. இருந்தவர்களுக்கும் நைட்டைக் குறைக்கலாம். ஆனால் காலியிடத்தை நிரப்பாமல் இதைச் செய்தால் சுமை சின்னப் பிள்ளைகள் தலையில்தான் போய் விழும், அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

ராத்திரி சுடச்சுட ஏதாவது சாப்பாடு. இட்லி போதும், சாம்பாரில் உப்பு அளவாக இருந்தால் போதும். அரை மணி நேரம் காலை நீட்டிப் படுக்கத் தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை. ஊழியர்களுக்குத் தனிக் கழிப்பறை, ஏனென்றால் அது இல்லாததால்தான் நாங்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம்.

எனக்கு இப்போது இரண்டு மாத்திரை போகிறது. 138/86இல் நிற்கிறது. அந்த 34 வயது சிஸ்டர் இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை, மெஷின் சரியில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் வந்து பார்த்தால் கேட்பாள்.

வருவதாக இருந்தால் காலை ஏழரைக்கு, ஓவர் கொடுக்கும் நேரத்துக்கு வாருங்கள். நைட் பார்த்தவர்களும் மார்னிங் வந்தவர்களும் அப்போதுதான் ஒன்றாக இருப்போம், தூய்மைப் பணியாளர் அம்மாக்களும் மாறுகிற நேரம் அது. வந்தவுடனே எடுக்காதீர்கள், ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு எடுங்கள். நாற்காலிக்கு நான் ஏற்பாடு செய்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்